நாலு ஞாயிறு, ஒரு பூட்டு

மணிக்கு நாக்கு இருந்தது. ஆனால் அந்த நாக்குக்கு யாரோ செருப்பு மாட்டியிருந்தார்கள்.

ஏணியின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் தொற்றிக்கொண்டிருந்த அமீர் பாஷா, கோயில் மணிக்குள் தலையை விட்டு இன்னொரு முறை பார்த்தான். சந்தேகமே இல்லை. மணியின் இரும்பு நாக்கில் ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைச் சுற்றி, வாரால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"சார்! இந்த மணி பேசக் கூடாதுன்னு வாயைக் கட்டி வச்சிருக்காங்க!"

கீழே அவன் எஜமானர், துப்பறியும் நிபுணர் வீரபாகு, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். காலையில் வேலூரில் பஸ் ஏறியதிலிருந்து இது பதினோராவது தடவை. மனசு ஒரு இடத்தில் நிற்காதபோது அவர் விரல்கள் கடிகாரத்தைத்தான் தேடும்.

"கட்டு புதுசா, பழசா?"

"கட்டு பழசு. அடி புதுசு."

"இன்னா உளர்றே?"

"தோல் விஷயத்துல நான் உளற மாட்டேன் சார். எங்க மாமு டேனரியில மூணு வருஷம் தோல் ஊற வைக்கிற பட்டைக் குழியில நின்னவன். சும்மா சுத்தி வச்ச தோல்னா தூசி படிஞ்சி வெறைச்சிருக்கும். இது ரெண்டு பக்கமும் அடி வாங்கி, நசுங்கி, பளபளன்னு ஆயிருக்கு. மணியைப் பழக்கமா அடிக்கிறாங்க. ஆனா சத்தம் தெருமுனையைத் தாண்டக் கூடாதுன்னு அடிக்கிறாங்க."

வீரபாகு சாவி கொடுப்பதை நிறுத்தினார். மணிக்கூண்டின் நிழலில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்த மனிதரும் நின்றார். அவர்தான் கட்சிக்காரர், இந்தச் சர்ச்சில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் சத்தியநாதன். ஐம்பது வயது, தோய்த்துத் தோய்த்து மஞ்சளாகிப்போன வெள்ளை ஜிப்பா, மூன்று பெண்களைப் பெற்ற கவலை. மணியைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் அவர் வேறு எங்கோ பார்த்தார். அதை அமீர் பாஷா ஏணியின் மேலிருந்தே கவனித்தான்.

கதை சுருக்கமாக இதுதான். வழிபாடு நடக்கிற கட்டடத்துக்கு வீட்டு வரி கிடையாது. கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ, எதுவானாலும் சரி. வழிபாடு நடக்காவிட்டால் அது வெறும் நாலு சுவரும் ஓடும், வரி உண்டு. ஆம்பூருக்கு நாலு மைல் இப்பால், பாலாற்றங்கரையில் இருக்கும் கரைப்பேட்டைப் பஞ்சாயத்து போர்டுக்குப் போன மாதம் ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்தது. "டேனரித் தெருவில் உள்ள சர்ச்சு வெறும் பூட்டிய கட்டடம். நாலு ஞாயிறு போய்ப் பாருங்கள். வரி போடுங்கள்."

அரக்கோணத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பில் கலெக்டர், சொன்ன சொல் தவறாமல் நாலு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தார். நாலு தடவையும் பூட்டு தொங்கியது. இன்று சனிக்கிழமை, 1957 ஜூலை இருபத்தேழு. மாலை நாலு மணிக்கு எக்சிகியூட்டிவ் ஆபீசர் முன்னால் விசாரணை. இப்போது மணி ஒன்றே முக்கால்.

வரி என்னவோ சுண்டைக்காய்த் தொகைதான். ஆனால் சத்தியநாதனுக்குச் சம்பளம் தருகிற அரக்கோணத்து அருளொளி மிஷன், வரி விழுகிற சின்னக் கோயில்களை மூடி இடத்தை விற்றுவிடுவோம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. தோல் கிடங்கு கட்ட இடம் தேடும் வியாபாரிகளுக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை.

"மூடினா எங்க ஜனம் டவுன் கோயிலுக்குத்தான் போகணும் சார்" என்றார் சத்தியநாதன். "ஏழு வருஷம் அங்க போனோம். கடைசி பெஞ்சு. நாங்க உள்ள நொழைஞ்சா ஜன்னலைத் திறப்பாங்க. மூக்குல கைக்குட்டையை வச்சுக்கினே 'சமாதானம் உண்டாவதாக'ன்னு சொல்லுவாங்க. அப்புறம்தான் நாங்களே மண்ணு சொமந்து இதைக் கட்டினோம். அறுபது குடும்பம். ஒரு சுவர் ஒரு தெரு கட்டினது."

பட்டைக் குழி வாசம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்பது அமீர் பாஷாவுக்குத் தெரியும். அந்த வாசத்தோடு பெண் பார்க்கப் போய், பஜ்ஜியைக்கூட எட்டி நின்று நீட்டிய வீட்டை அவன் மறக்கவில்லை.

ஏணியை எடுத்த இடத்தில் வைக்கப் போனார்கள். கோயிலை ஒட்டிய சின்ன அறை அது. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போல ஒரு பித்தளை அண்டா.

"ஐயா, இது இன்னா, ஞானஸ்நானத் தொட்டியா?"

"கல்யாண அண்டா தம்பி. தவலை, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் சபைக்குச் சொந்தம். தெருவுல யார் வீட்டு விசேஷமானாலும் வாடகைக்குக் குடுப்போம்."

"பிரியாணிக்கும் உண்டா?"

"பாஷா!" என்றார் வீரபாகு. "வயித்தை அப்புறம் துப்பறி. உள்ள வா."

கோயிலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. பன்னிரண்டு பெஞ்சு, ஒரு மர மேடை, மேடைமேல் பீங்கான் ஜாடியில் சம்பங்கி. பூ தலை சாய்ந்திருந்தது, கருகவில்லை. சுவரில் பாட்டு எண்கள் எழுதும் கரும்பலகை.

வீரபாகு சட்டைப் பையிலிருந்து அந்த மொட்டைப் பெட்டிஷனை எடுத்துப் பெஞ்சில் விரித்தார். காலையில் போர்டு ஆபீசில் எழுதிக் கொடுத்து, விசாரணைக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிவந்த அசல். எழுத்து ஒவ்வொன்றும் குச்சி குச்சியாக, கோணல் மாணலாக இருந்தது.

"வேணும்னே கெடுத்து எழுதின எழுத்து. அதை வச்சு ஆளைப் பிடிக்க முடியாது. ஆனா காகிதத்தோட தலையைப் பாரு."

"தலையே இல்லியே சார். மேல ஒரு அங்குலம் கத்திரிச்சிருக்கு."

"ஏன்?"

"காகிதத்துக்கும் கிராப்பு வெட்டி விட்டாங்களோ?"

"நீ கடுதாசி எழுத உக்காந்தா மொதல்ல இன்னா எழுதுவே?"

"786. அது இல்லாம பேனா நகராது."

"நான் பிள்ளையார் சுழி போடுவேன். உபதேசியாரே, நீங்க?"

சத்தியநாதனின் வலதுகைக் கட்டைவிரல் தானாகக் காற்றில் ஒரு கோடு கீழே இழுத்தது, ஒரு கோடு குறுக்கே இழுத்தது. பிறகுதான் அவருக்குத் தான் செய்தது விளங்கியது. கையைக் கீழே போட்டார்.

"பேரைப் போடாதவங்க பழக்கத்தை மறக்கல" என்றார் வீரபாகு. "போட்டுட்டு, ஐயோ போட்டுட்டோமேன்னு கத்திரிச்சுட்டாங்க. ஆனா கொஞ்சம் மேல கத்திரிச்சுட்டாங்க. வெட்டின ஓரத்துல, நடுவுல, கடுகு அளவு மை தெரியுது பாருங்க. பிள்ளையார் சுழின்னா கீழே கோடு படுத்துக்கினு இருக்கும். 786னா மூணு கால் தெரியும். இது ஒத்தைக் கால், நேரா நிக்குது."

"ஒத்தைக் கால்ல நிக்கிறது கொக்கும் சிலுவையும்தான்" என்றான் அமீர் பாஷா. "கொக்கு பெட்டிஷன் எழுதாது."

சத்தியநாதன் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். கிடங்கு வியாபாரி, டவுன்காரன், போர்டு மெம்பர் என்று நாலு வாரமாக அவர் சந்தேகப்பட்ட ஆட்கள் எல்லாம் ஒரு நொடியில் நல்லவர்களாகிவிட்டார்கள். "எங்க ஆளா சார்? எங்க ஆளா இதை மூடப் பாத்தது?"

"அது அப்புறம். மொதல்ல இதைச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை ஆராதனை நடக்குதா?"

"நடக்குது சார்."

"எத்தினி மணிக்கு?"

"ஒன்பதுக்கு."

"அப்ப நாலு ஞாயிறு ஒன்பது மணிக்குப் பூட்டு எப்படித் தொங்கிச்சு?"

"அன்னிக்கெல்லாம் கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

"நாலு வாரமுமா?"

வீரபாகுவின் விரல்கள் மறுபடி கடிகாரத்துக்குப் போயின. அமீர் பாஷாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து பெஞ்சு பெஞ்சாக நடந்தான். ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான். எல்லாப் புத்தகத்திலும் பக்கத்தின் கீழ் ஓரம் பழுப்பாக இருந்தது. கட்டைவிரல் படும் இடம். ஆவாரம்பட்டைக் கறை. அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். குழியை விட்டு ஆறு வருஷம் ஆகியும் நகக்கண்ணில் அதே பழுப்பு மிச்சம் இருந்தது.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

"உபதேசியார் ஐயா, உங்க ஜனம் எந்தெந்த டேனரியில வேலை செய்யுது?"

"இந்தப் பக்கத்து டேனரி எல்லாத்துலயும்தான்."

"எல்லாம் எங்க ஆளுங்களோடது. எங்க மாமுகிட்ட போய் ஞாயித்துக்கெழமை லீவு கேட்டா, 'இன்னா, நீ கலெக்டரா?'ன்னு கேப்பார். எங்க பக்கம் வார லீவு வெள்ளிக்கெழமை. ஜும்மா தொழுகைக்கு கேட்டை சாத்திடுவாங்க. ஞாயித்துக்கெழமை ஒன்பது மணிக்கு உங்க அறுபது குடும்பமும் சுண்ணாம்புக் குழியில முழங்கால் ஆழத்துல நிக்கும். அப்புறம் யார் வந்து இந்தப் புஸ்தகத்தைப் புரட்டினது? இந்தப் பூவை யார் நேத்து வச்சது? நேத்து வெள்ளிக்கெழமை."

சத்தியநாதன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஆறு வருஷமா சார்" என்றார் விரலிடுக்கு வழியாக. "மொதல்ல ஞாயித்துக்கெழமைதான் வச்சேன். நானும் என் பொஞ்சாதியும் ரெண்டு கெழவியும் வந்தோம். யாருக்குப் பிரசங்கம் பண்றது? வெள்ளிக்கு மாத்தினேன், கோயில் நிரம்பிடுச்சு. மிஷன் சட்டப்படி ஓய்வுநாளை மாத்தினவனுக்கு உபதேசியார் வேலை கெடையாது. அதனால மாச ரிப்போர்ட்ல ஞாயிறுன்னே எழுதிக்கினு வரேன். டவுனுக்குப் போற எங்க பெரிய மனுஷங்க காதுல விழக் கூடாதுன்னு மணிக்குத் தோலைக் கட்டினேன். ஆராதனை வெள்ளியிலதான்னு இன்னிக்கு விசாரணையில சொன்னா வரி விழாது. ஆனா திங்கக்கெழமை என் வேலை போய்டும், குவார்ட்டர்ஸ் போய்டும். சொல்லாம இருந்தா கோயில் போய்டும்."

நல்ல பொய்தான். ஆனால் பொய்க்கும் வார லீவு உண்டு என்பதை அந்த மனிதர் மறந்துவிட்டார். அமீர் பாஷாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பசித்தவனுக்குக் கிடைத்த நேரத்தில் சோறு போட்ட ஆளைக் கோபிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

வீரபாகு எழுந்து கரும்பலகை முன்னால் நின்றார். பலகையில் நேற்றுப் பாடிய பாட்டுகளின் எண்கள்: 47, 172, 77. பெட்டிஷனைப் பலகைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாஷா, பெட்டிஷன் தேதியைப் படி."

"17-6-57."

"ஏழு எப்படி இருக்கு?"

"இடுப்புல ஒரு கோடு போட்டிருக்கு. அரைஞாண் கட்டின மாதிரி." அமீர் பாஷா பலகையைப் பார்த்தான். அங்கே இருந்த நாலு ஏழுக்கும் இடுப்பில் அதே கோடு. "அட!"

"எழுத்தை மாத்தினவங்க எண்ணை மாத்த மறந்துட்டாங்க. உபதேசியாரே, இந்தப் பலகையில யார் எழுதறது?"

சத்தியநாதன் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே எங்கோ ஒரு மாட்டுவண்டி, பச்சைத்தோல் பாரத்தோடு முனகிக்கொண்டு போனது.

"டோரதி டீச்சர்" என்றார் கடைசியில். "சின்னதுல வெள்ளைக்கார மிஸ்ஸம்மாகிட்ட படிச்சவங்க. ஏழு அப்படித்தான் போடுவாங்க. சார், அவங்க இல்லாட்டி இந்தச் சபையே கெடையாது சார்."

டோரதி டீச்சர் வீடு நாலு சந்து தள்ளி. மூவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். வழியெல்லாம் கயிற்றில் தோல் காய்ந்துகொண்டிருந்தது; ஈக்கள் அவர்களோடு கூடவே விசாரணைக்கு வருவதுபோல் வந்தன. மணி இரண்டரை.

டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கோடு போட்ட கைத்தறிச் சேலை, கோடு போட்ட நெற்றி. முக்காலியில் உட்கார்ந்து யாருக்கோ மணியார்டர் பாரம் எழுதிக்கொண்டிருந்தார். வீரபாகு பெட்டிஷனை அந்தப் பாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பாரத்திலும் ஒரு ஏழு இருந்தது.

டீச்சர் இரண்டையும் பார்த்தார். பேனாவை மூடினார்.

"நான்தான் எழுதினேன். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஏம்மா டோரதி?" சத்தியநாதனின் குரல் உடைந்தது. "நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

"ஐயா, ஏப்ரல்ல மிஷன்லேர்ந்து உங்களுக்கு இங்கிலீஷ் லெட்டர் ஒண்ணு வந்துதே, நான்தானே படிச்சு சொன்னேன்? அதுல ஒரு வரியை நான் படிக்கல." அவர் எழுந்து பைபிளுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "கரைப்பேட்டை இடத்தைக் கிடங்குக்கு விக்கிறதா மார்ச்சுலயே பேசி முடிச்சாச்சு. வர்ற அக்டோபர்ல ரிஜிஸ்தர். வரி விழுந்தாலும் விப்பாங்க, விழாட்டியும் விப்பாங்க. சுற்றறிக்கையெல்லாம் சாக்கு."

சத்தியநாதன் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அமீர் பாஷா மெல்ல வாங்கித் திருப்பிக் கொடுத்தான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அரக்கோணத்துக்கு ஓடிப்போய் கால்ல விழுந்திருப்பீங்க. விழுந்த வேகத்துல வெள்ளிக்கெழமையையும் சொல்லியிருப்பீங்க. மூணு பொண்ணை வச்சுக்கினு எங்க போவீங்க?" டீச்சர் வீரபாகு பக்கம் திரும்பினார். "சார், அந்த நிலம் பெரிய டேனரி சாயபு வாய்வார்த்தையா குடுத்தது. எங்ககிட்ட பத்திரம் கெடையாது, அதனால மிஷன் தன் எடம்னு சொல்லுது. கோயில்னு வரி விலக்கு குடுத்ததால போர்டு புஸ்தகத்துல எங்க பேரும் கெடையாது. எல்லாரும் வரி விலக்கைச் சலுகைன்னு நெனைக்கிறாங்க. எனக்கு அது நாங்க இருந்த தடமே இல்லாமப் போறதுக்கு வழின்னு தோணிச்சு. இந்த ஊர்ல குடிசைக்காரிகூட வரி ரசீதை டிரங்குப் பெட்டியில பூட்டி வைக்கிறா. ஏன்? நாளைக்கு எவனாவது வந்து எழுந்திருன்னா, அதைத்தான் காட்டுவா. எங்க கோயிலுக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் வேணும். வரி போடுங்கன்னு நேரா போய்க் கேட்டா பைத்தியம்னுவாங்க. அதனால எழுதினேன்."

அமீர் பாஷா டீச்சரை மேலும் கீழும் பார்த்தான். கோயிலைக் கவிழ்க்க வந்த எதிரியைத் தேடி வந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கும் தூண் முக்காலியில் உட்கார்ந்து மணியார்டர் எழுதுகிறது!

வீரபாகு மட்டும் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

"கணக்கு நல்ல கணக்கு டீச்சர். விடைதான் தப்பு. பூட்டிக் கெடக்கிற கட்டடம்னு நிரூபிச்சா ரசீது யார் பேர்ல வரும்? ஆள் இல்லாத வீட்டுக்குச் சொந்தக்காரன் பேர்ல வரும். சொந்தக்காரன் நான்னு மிஷன் வந்து நிக்கும். அந்தச் சுண்டைக்காய் வரியைக் கட்டி முழு இடத்தையும் எடுத்துக்கினு போய்டும். உங்க பெட்டிஷன் நாலு மணிக்கு ஜெயிச்சா, கோயில் நாலு மணி ஒரு நிமிஷத்துக்குப் போய்டும்."

டீச்சரின் முகம் வெளுத்தது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொடுத்தவர், தன் மனுவில் கோட்டை விட்டுவிட்டார்.

"அப்ப இன்னா பண்றது?"

"உள்ள ஜனம் இருக்குதுன்னு சொல்லணும். என்னிக்கு இருக்குதுன்னும் சொல்லணும். சொல்ல வேண்டியவர் இங்கதான் இருக்கார்."

எல்லாரும் சத்தியநாதனைப் பார்த்தார்கள். அவர் லெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் படிக்காமல் விட்ட அந்த ஒரு வரி எது என்று தேடுவதுபோல இருந்தது.

*

எக்சிகியூட்டிவ் ஆபீசர் பரந்தாமன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கரைப்பேட்டைக்கு வந்து நாலு மாதம் ஆகியும் அவருக்கு மூக்கு பழகவில்லை. மேசைமேல் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அதை முகர்ந்துகொண்டே பில் கலெக்டரின் ரிப்போர்ட்டைப் படித்தார்.

"நாலு ஞாயிறும் பூட்டு. மணி அடிக்கவில்லை. சரி, உபதேசியாரே, ஆராதனை என்றைக்கு நடக்கிறது?"

சத்தியநாதன் எழுந்து நின்றார். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. வீரபாகுவின் விரல்கள் கடிகாரத்தில். டீச்சர் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். அமீர் பாஷா, தன் மதத்தில் இருக்கிற துவாவையெல்லாம் அந்த மதத்து மனிதருக்காக ஓதிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கெழமை" என்றார் சத்தியநாதன்.

"என்ன?"

"வெள்ளிக்கெழமை காலையில ஒன்பது மணிக்கு சார். ஆறு வருஷமா. எங்க ஜனத்துக்கு அன்னிக்குத்தான் லீவு. மிஷனுக்கு நான் எழுதின ரிப்போர்ட்டு எல்லாம் பொய். அதையும் எழுதிக்குங்க." சொல்லி முடித்ததும் அவர் தோள்கள் இறங்கின. சுமந்து வந்த மூட்டையை இறக்கிய கூலிக்காரனைப்போல் மூச்சு விட்டார்.

பரந்தாமன் பில் கலெக்டரைப் பார்த்தார். பில் கலெக்டர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சர்ச்சா? கேள்விப்பட்டதே இல்லையே."

"சார்" என்றான் அமீர் பாஷா, "இந்த ஊர்ல ஞாயித்துக்கெழமை யாரைக் கூப்பிட்டாலும் டேனரி கேட்டுல கேட்டுட்டுத்தான் வரணும். தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிக்கக்கூட வெள்ளிக்கெழமைதான். போர்டுக்கு வந்த புதுசுல எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பில் கலெக்டர் சாருக்கு நாலு ஞாயித்துக்கெழமை மிச்சமாயிருக்கும்."

பரந்தாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியானால் விஷயம் முடிந்தது. வழிபாடு நடக்கிறது. வரி விலக்கு நீடிக்கும். பெட்டிஷன் தள்ளுபடி."

"வேணாம் சார்" என்றார் டோரதி டீச்சர்.

"என்னம்மா வேண்டாம்?"

"விலக்கு வேணாம். வரி போடுங்க."

பரந்தாமன் பழத்தைக் கீழே வைத்தார். "நான் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்கிறீர்களே! தெருவிளக்கு கோயில் வாசலிலும் எரிகிறது, மசூதி வாசலிலும் எரிகிறது. எண்ணெய்க் காசு யார் கொடுப்பது என்று நானே பல நாள் புலம்பியிருக்கிறேன். ஆனால் என் புலம்பல் வேறு, சட்டம் வேறு. வழிபாடு நடக்கிற இடத்துக்கு வரி போட எனக்கே அதிகாரம் கிடையாது. நீங்கள் ஆசைப்பட்டாலும் முடியாது."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் வரி இல்லை, வரி இல்லாவிட்டால் ரசீது இல்லை, ரசீது இல்லாவிட்டால் அக்டோபரில் கிடங்கு. வீரபாகுவே முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

அமீர் பாஷாவுக்கு வயிறு கடமுடவென்றது. மத்தியானம் சாப்பிடவில்லை. பசி வந்ததும் அண்டா ஞாபகம் வந்தது. அண்டா ஞாபகம் வந்ததும் துள்ளி எழுந்தான்.

"சார்! அண்டாவுக்கு?"

"எந்த அண்டா?"

"கோயில் பக்கத்து ரூம்ல கல்யாண அண்டா இருக்கு சார். தவலை, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் வாடகைக்கு விடறாங்க. சாமி கும்பிடற எடத்துக்கு வரி கெடையாது, வாஸ்தவம். அண்டா இன்னா சாமியா? வாடகை வாங்கற ரூமுக்கும் விலக்கு உண்டா?"

பரந்தாமன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"இல்லை. வாடகை வருகிற பகுதிக்கு விலக்கு இல்லவே இல்லை. பில் கலெக்டர், எழுதும். ஒரே கதவு எண். கூடம், பொது வழிபாடு, விலக்கு. பக்கத்து அறை, பாத்திர வாடகை, வருஷத்துக்கு மூன்று ரூபாய் வரி. அனுபவிப்பவர், கரைப்பேட்டை டேனரித் தெரு சபையார். பொறுப்பாளர் பெயர் ஒன்று வேண்டும். உபதேசியாரே?"

"என் பேர் வேணாம் சார். நான் திங்கக்கெழமைக்கு அப்புறம் யாரோ." சத்தியநாதன் டீச்சரைப் பார்த்தார். "பேர் போடாம எழுதினவங்க இப்ப போடட்டும்."

டோரதி டீச்சர் அரையாண்டு வரி ஒன்றரை ரூபாயை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி எழுதினார். 27-7-57. மூன்று ஏழு, மூன்று அரைஞாண்.

பரந்தாமன் அந்தத் தேதியைப் பார்த்தார். வீரபாகு திருப்பிக் கொடுத்திருந்த மொட்டைப் பெட்டிஷனைப் பார்த்தார். இன்னொரு முறை தேதியைப் பார்த்தார். பிறகு பெட்டிஷனை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.

"மொட்டைக் கடுதாசிக்கு இதுதான் சரியான இடம்" என்றார்.

*

டேனரிச் சங்கு ஊதியபோது அவர்கள் கோயில் வாசலில் நின்றார்கள். சத்தியநாதன் யார் சொல்லியும் கேட்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏணியில் ஏறினார். வாரை அறுத்துத் தோலை உருவி அமீர் பாஷாவிடம் எறிந்தார். பிறகு இறங்கி வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

ஆறு வருஷமாக வாயைப் பொத்தியிருந்த மணி, பாலாற்றின் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி பேசிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெரு அலறிக்கொண்டு ஓடிவந்தது. குழியிலிருந்து அப்படியே வந்தவர்கள் கையிலிருந்து பட்டைத் தண்ணீர் சொட்டியது. முன்னால் வந்தவள் முனியம்மா. ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் பெஞ்சில் உட்காருகிறவள்.

"யாரு ஐயா போய்ட்டாங்க?"

"யாரும் போவல முனியம்மா" என்றார் சத்தியநாதன். அழுதுகொண்டே சிரித்தார். "நமக்கு வரி போட்டுட்டாங்க!"

கூட்டம் விழித்தது. வரி வந்ததற்கு மணி அடிக்கிற உபதேசியாரை அது பார்த்ததில்லை. டீச்சர் ரசீதை உயர்த்திக் காட்டினார், டேனரித் தெரு சபையார் என்ற இடத்தில் விரலை வைத்து மூன்று தடவை படித்துச் சொன்னார். முனியம்மா யோசித்தாள்.

"அப்போ இது நம்மளுதா டீச்சர்? யாரும் எழுந்திருன்னு சொல்ல முடியாதா?"

"சொல்ல வந்தா இந்த ரசீதைக் காட்டு. கோர்ட்டுக்குப் போகும்னு தெரிஞ்ச எடத்தை எந்தக் கிடங்குக்காரனும் வாங்க மாட்டான்."

முனியம்மா கையை நீட்டி ரசீதை வாங்கினாள். ஈரக் கட்டைவிரல் காகிதத்தின் ஓரத்தில் பழுப்பாகப் பதிந்தது. ஐயையோ என்று அவள் சேலையால் துடைக்கப் போனாள்.

"துடைக்காதே அக்கா" என்றான் அமீர் பாஷா. "அது இருக்கட்டும்."

வீரபாகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாவி அளவு மீறி அது நாலு பத்துக்கே நின்றுபோயிருந்தது. சாவி கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.